வேன்காரியின் மகள்

ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வீட்டுப் பெண்களை வேலைக்கு அழைத்து வருவதில் விஜயராணிக்கு இருந்த சாமர்த்தியம், அவள் வீட்டு வாசற்படிக்கு உள்ளே மட்டும் எடுபடாமலே இருந்தது. பதினொரு வருஷமாக அவள் கம்பெனி வேன் ஓட்டுகிறாள். பாகூரில் நாலே காலுக்கு வண்டியை எடுத்தால் கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று ஒவ்வொரு ஊர் முனையிலும் இரண்டு மூன்று பெண்களாக ஏற்றிக்கொண்டு, ஆறு மணி ஷிப்டுக்கு விழுப்புரம் ரோட்டில் இருக்கும் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் செய்யும் கம்பெனி. உள்ளே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

ஆள் சேர்ப்பது அவளுடைய வேலை இல்லை. அது அரிகரனுடைய வேலை. திண்டிவனத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட நிறையாதவன். எச்.ஆர். ஆபீசர் என்று அவன் அறைக் கதவில் எழுதியிருந்தது. பெண்கள் அதை ஒரே பெயராக்கி ‘எச்சார் சார்’ என்று கூப்பிட்டார்கள். வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து அவன் வேலைவாய்ப்பு முகாம் நடத்தினான். எண்பது பேர் வந்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாதிக்கு மேல் போய்விட்டார்கள். சேர்ந்தவர்கள் பதினாலு பேர். மாசக் கடைசியில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் விஜயராணியின் வேனில் வருகிறவர்கள் என்பது அவன் கண்ணில் பட்டது. அப்புறம் பழைய ஆட்களையும் பார்த்தான். வருஷக் கணக்கில் நிலைத்து நின்றவர்களில் பலபேர் அவள் வண்டிதான்.

அவளைக் கூப்பிட்டு, அக்கா நீங்கள் அப்படி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. புதுப்பெண்ணை முதல் நாள் தன் பக்கத்து முன் சீட்டில் உட்காரவைப்பாள். ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். இரண்டாம் நாள், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கும், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள் என்பாள். குழாயை ஒட்டுகிற பசையின் நெடி முதல் வாரம் தலைவலி கொடுக்கும். அதற்கு வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சீரகம் கொடுப்பாள். பாத்ரூமுக்கு வெளியே வரவேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே என்பாள். மூன்றாம் நாள்தான் கண்டம். கால் வீங்கி, வீடு நினைவுக்கு வந்து, வேனில் ஏறும்போதே அந்தப் பெண் அழும். அழுகிறவள் இருந்துவிடுவாள் என்பது விஜயராணியின் கணக்கு. அழாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவளுக்கு மனசு வேறு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அரிகரன் அவளைத் தன்னோடு ஊர்களுக்கு அழைத்துப்போனான். அவன் சம்பளம், பி.எஃப்., இன்சூரன்ஸ் என்று பேசுவான். வீட்டார் அவன் பேச்சைக் கேட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்ப்பார்கள். வண்டி வாசல்வரை வருமா, உள்ளே பெண்களுக்குத் தனி பாத்ரூம் உண்டா, சூப்பர்வைசர் ஆம்பிளையா பொம்பளையா என்பதையெல்லாம் இவளிடம்தான் கேட்பார்கள். இவள் மார்க்கைப் பார்க்கமாட்டாள். பெற்றவர்களிடம் கேட்கிற கேள்விக்குப் பெண் தானாக முன்வந்து பதில் சொல்கிறாளா, சொல்லிவிட்டு நம்மை ஒரு கேள்வி கேட்கிறாளா, அதைத்தான் பார்ப்பாள்.

புரட்டாசியில் அப்படித்தான் வில்லியனூருக்குப் பக்கத்துக் கோயில் ஊர் ஒன்றில் இன்பமேரி வீட்டுக்குப் போனார்கள். இன்பமேரி முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பாண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. மகள் ஆனி மேரி பிளஸ் டூ முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது இன்பமேரி கேட்டாள்.

“ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சிக்கறாங்களாமே. திருப்பிக் குடுப்பாங்களா?”

அரிகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விஜயராணி முந்திக்கொண்டாள்.

“ஒரு வருசம் முடிஞ்சா குடுத்துடுவாங்க. உங்க வூட்ல எலி கடிக்கும், மழ ஒழுவும். அங்க இரும்பு பீரோவுல கெடக்குது. பேங்க்ல வெச்சா மாதிரி நெனச்சிக்கங்க.”

இன்பமேரி சமாதானமாகித் தலையாட்டினாள். வரும்போது இரண்டு கை மல்லாட்டையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். அந்த வாரமே ஆனி மேரி வேலைக்கு வந்தாள்.

விஜயராணியின் மகள் இளவரசி கெமிஸ்ட்ரி படித்தவள். மேலே படிக்க இடம் கிடைத்த வருஷம் அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன். வீரமணி கரும்புத் தோட்டத்தில் கட்டுத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு நகர்ந்துபோன ஆள். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கலாம், குனியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள இளவரசி வீட்டிலேயே தங்கினாள். எட்டு மாசம் ஓடிவிட்டது. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவள் போனில் வேலை தேடத் தொடங்கினாள். பெங்களூர், ஓசூர், ஐதராபாத் என்று அவள் வாயில் வருகிற ஊர்கள் எல்லாம் தூரமாக இருந்தன.

விஜயராணிக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது இவள் வேன் ஏறினாள். அன்றிலிருந்து மகளுடைய காலைகள் இவளுக்குத் தெரியாது. தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் வீட்டில் ஈரத் துண்டும் காலித் தட்டும் இருக்கும். வீரமணிதான் பிள்ளைக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினார். வகிடு வாய்க்கால் மாதிரி வளைந்திருக்கும். சாயங்காலம் பார்க்கும்போது இவளுக்கு அந்த வகிட்டை அழித்துப் பின்னத் தோன்றும், தொடமாட்டாள். ஊரார் பெண்களில் எவள் விடிகாலையில் சிடுசிடுப்பாள், எவள் காபி குடித்தால்தான் பேசுவாள் என்று அத்தனையும் தெரியும். தன் பெண் எழுந்ததும் எப்படி இருப்பாள் என்று தெரியாது. அவள் கம்பெனிக்கு வந்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவ்வளவுதான் ஆசை.

ஐப்பசி முதல் மழை பெய்த சாயங்காலம் பேச்சை எடுத்தாள். வீரமணி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். இளவரசி கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு மாசம்டி. லைன்ல ஆறு மாசம் நின்னா அப்பறம் லேப்ல போட்டுடறன்னு சார் சொல்லிக்கீறாரு.”

“எல்லார் வூட்லயும் இதத்தானம்மா சொல்ற.”

“எல்லார் வூட்லயும் பொய்யா சொல்றன்?”

“பொய்னு சொன்னனா? நீ சொல்றது எனக்கு மனப்பாடம்னு சொன்னன்.”

வீரமணி கட்டிலில் இருந்தபடியே, அவள் படித்தது என்ன நீ கூப்பிடுகிற வேலை என்ன என்று கேட்டார். விஜயராணிக்கு ஊரில் ஐம்பது வீட்டில் அடுக்கிய காரணங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. இளவரசி கையை உதறிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ வேற எதுக்கோ கூப்புடற.”

“எதுக்கோ கூப்புடறன். வர்றியா?”

இளவரசி சிரித்துவிட்டாள். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

பாகூரில் கிளம்பிக் கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் வண்டியில் இவர்கள் இரண்டு பேர்தான். அதற்கு அப்புறம் பெண்கள் ஏறிவிடுவார்கள். சத்தமும் சிரிப்புமாக வேன் நிறைந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்துக்காக விஜயராணி மூன்று மணிக்கே எழுந்தாள். இட்லி வைத்து மல்லாட்டைச் சட்னி அரைத்து டப்பாவில் எடுத்துக்கொள்வாள். மகள் எழுந்து ஐந்து நிமிஷம் எதுவும் பேசமாட்டாள் என்று முதல் வாரம் தெரிந்துகொண்டாள். அதற்கு அப்புறம் வாயை மூடமாட்டாள் என்பது இரண்டாம் வாரம் தெரிந்தது. கண்ட கனவுகளைச் சொல்வாள். காலேஜில் ஆசிட் தெறித்துத் துப்பட்டா ஓட்டையானது, கூடப் படித்தவன் ஒருத்தன் மூன்று வருஷம் பின்னாலேயே வந்து கடைசி நாளில் நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது, எல்லாம் வரும். இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து அம்மா வாயருகே நீட்டுவாள். விஜயராணி ஸ்டியரிங்கை விடாமல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பாள்.

மழை பிடித்துக்கொண்டது. பாகூர் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. ரோட்டில் தண்ணீர் நின்ற இடங்களில் வண்டியை முதல் கியரில் ஊர்ந்து ஓட்டவேண்டியிருந்தது. முன்பெல்லாம் மழைக்காலம் என்றால் அவளுக்கு எரிச்சல். இந்த வருஷம் வண்டி மெதுவாகப் போவதே பிடித்திருந்தது. ஒருநாள் கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னால் மரம் விழுந்து அரை மணி நேரம் நின்றார்கள். கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது. அப்பா பின்னிய சடையைப் பற்றி இளவரசி அன்றைக்குத்தான் சொன்னாள்.

“கிளாஸ்ல எல்லாம் சிரிப்பாளுங்க. ஆனா அவுரு பின்னும்போது உன்னப் பத்திப் பேசுவாரும்மா. இப்ப நெட்டப்பாக்கம் போயிருப்பா, இப்ப கேட்டுல நிப்பான்னு. மணியப் பாக்காமயே சொல்லுவாரு.”

விஜயராணி துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆளைப் பார்த்து எடை போடுகிற அவள் கண் சும்மா இருக்கவில்லை. இளவரசி மூன்றாம் நாள் அழவில்லை. நாலாம் நாளும் அழவில்லை. அவள் ஒட்டுகிற குழாயில் ஒரு கசிவு கிடையாது என்று லைன் சூப்பர்வைசர் காசம்மாள் புகழ்ந்தாள். இருந்தும் கம்பெனி கொடுத்த லாக்கரில் அவள் எதையும் வைக்கவில்லை. பையைத் தினமும் கொண்டுவந்து தினமும் எடுத்துப்போனாள். மற்றவர்கள் ஆளுக்கொரு தம்ளர் கொண்டுவந்து கேன்டீன் அலமாரியில் வைத்திருந்தார்கள். இவள் பேப்பர் கப்பில் குடித்தாள். அவளுக்குச் சில வாரம் முன்னால் வந்த ஆனி மேரி மூன்றாம் நாள் அழுது, மயக்கம் போட்டு விழுந்து, பத்தாம் நாள் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். இளவரசிக்கு ஒரு மாதம் ஆகியும் பக்கத்தில் நிற்கிறவள் பெயர் தெரியாது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால், இது நிற்காது சார் என்று விஜயராணி அரிகரனிடம் சொல்லியிருப்பாள். இது தன் பெண். பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அரிகரன் கூப்பிட்டு அனுப்பினான். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஐதராபாத்திலிருந்து ஒரு மருந்து கம்பெனி பேசியது என்றான். இளவரசி அங்கே லேப் வேலைக்கு மனுப் போட்டு, போனிலேயே இன்டர்வியூ முடித்து, தேறியும் விட்டாள். இங்கே வேலை பார்ப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறாள். எப்படிப்பட்ட பெண் என்று விசாரிக்கிறார்கள்.

“நீங்க இன்னா சொன்னீங்க சார்?”

“நாளைக்கு சொல்றன்னு வெச்சிட்டன். உங்களக் கேக்காம எப்புடிக்கா சொல்றது. ஜாயின் பண்ண ஒரிஜினல் வேணும். ஒரு வருசம் முடியாம குடுக்கக்கூடாதுன்னு நம்ம ரூலு. நான் நெனச்சா குடுக்கலாம், ரூலக் காட்டி குடுக்காமயும் இருக்கலாம். உங்க பொண்ணு. நீங்க சொல்லுங்க.”

டீ ஆடை கட்டியது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய வேன் நின்றது. முன் கண்ணாடியில் பனி இன்னும் காயவில்லை.

“நல்ல பொண்ணுன்னே சொல்லிடுங்க சார். சர்டிபிகேட்ட மட்டும்… இப்ப குடுக்காதீங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

அடுத்த நாள் காலையிலேயே இளவரசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, கிடைக்காவிட்டால் எதற்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன் என்றாள். பொங்கல் கழித்து இருபதாம் தேதி சேரவேண்டும். முதல் நாளிலிருந்தே லேப் வேலை. தங்க ஹாஸ்டல் கொடுக்கிறார்கள். அம்மா கேட்டால் எச்சார் சார் மறுக்கமாட்டார், ஒரிஜினலை வாங்கித் தா என்றாள். விஜயராணி கேட்கிறேன் என்று சொன்னாள். இரண்டு நாள் கழித்து, சார் லீவு என்றாள். பிறகு, மேலே கேட்டிருக்கிறார் என்றாள். பிறகு, பீரோ சாவி வேறு யாரிடமோ இருக்கிறது என்றாள். பதினொரு வருஷத்தில் ஒரு பெண்ணிடமும் இவ்வளவு பொய் சொன்னதில்லை. இட்லி மட்டும் எப்போதும் போல வாயருகே வந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டருகே அரிகரன் அவளை நிறுத்தினான். அவன் முகம் சரியாக இல்லை. செவ்வாய்க்கிழமை இளவரசியே நேரில் வந்து கேட்டாள் என்றான். ரூல் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா உங்களிடம் எப்போது கேட்டார்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள், என்னால் பொய் சொல்ல முடியவில்லை அக்கா என்றான்.

செவ்வாய். அதற்கு அப்புறம் மூன்று காலை போயிருக்கிறது. மூன்று நாளும் மகள் கனவு சொன்னாள். ஊட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை பனி இறங்கிக் கண்ணுக்கு நேரே பத்தடி தெரியவில்லை. ஏரிக்கரை ஓரத்தில் விஜயராணி வண்டியை நிறுத்தி விளக்கை மினுக்கவிட்டாள். இளவரசி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“சர்டிபிகேட்ட குடுக்க வேணான்னு நான்தான்டி சொன்னன்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா பேசாம வந்த?”

“நீயா சொல்லுவன்னு இருந்தன். நான் கேட்டா நீ அழுவ. வண்டி வேற ஓட்டற.”

விஜயராணி அழத்தான் செய்தாள். இளவரசி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கரையோரத்து மரத்திலிருந்து பனி சொட்டிக் கூரையில் விழுகிற சத்தம் கேட்டது.

“உனுக்கு சடை பின்ன நான் இல்ல. சோறு ஊட்ட இல்ல. யார் யாரு பொண்ணயோ இட்டாந்து வுட்டுகினு இருந்தன். இந்த ரெண்டு மாசந்தான் உன்னப் பாத்தன். அது போயிடுமேன்னு…”

“எனக்கு மட்டும் புடிக்கலயாம்மா? இந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் நான் எழுந்திரிக்கறதே. கரிக்கலாம்பாக்கம் வந்ததும் முடிஞ்சிடுது. அதுக்கப்பறம் எட்டு மணி நேரம் கொழாய ஒட்டணும்மா. நான் படிச்சது ஒவ்வொண்ணா மறந்துகினே வருது.”

கரிக்கலாம்பாக்கம் முனையில் காத்திருந்த பெண் போன் செய்துவிட்டாள். விஜயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கம்பெனியில் பெண்களை இறக்கிவிட்டு நேரே அரிகரன் அறைக்குப் போனாள். அவன் அப்போதுதான் வந்து பையை வைத்துக்கொண்டிருந்தான்.

“என் பொண்ணு சர்டிபிகேட்ட எடுங்க தம்பி.”

அவனை அவள் அதுவரை தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவனும் அதைக் கவனித்தான்.

“நீங்கதானக்கா வெக்கச் சொன்னீங்க.”

“நான்தான் சொன்னன். தப்பா சொன்னன். எடுங்க.”

பீரோவைத் திறந்தான். தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் கவர்கள் நின்றன. இளவரசியின் கவரை அவன் தேடும்போது அவள் கண்ணில் ஒரு நீலக் கவர் பட்டது. மேலே மாதா படம் ஒட்டியிருந்தது. இன்பமேரி ஒட்டி அனுப்பியது. அதன்மேல் விஜயராணி கையை வைத்தாள்.

“இதயும் எடுங்க. எல்லாத்தயும் குடுத்துடுங்க தம்பி. நகல் வெச்சிக்கங்க, போதும்.”

அரிகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கொடுத்தால் நாளைக்கே பாதிப் பேர் போய்விடுவார்கள் என்றான். பொங்கலுக்குள் புதிதாக நாற்பது பேர் வேண்டும் என்று மேலே நெருக்குகிறார்கள், தன் வேலையே ஆட்டம் கண்டிருக்கிறது என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“போறவ போவட்டும். இருக்கறவ இந்த பீரோவுக்குப் பயந்து இல்ல. மூணாம் நாளு ஆனி மேரி மயங்கி வுழுந்தாளே, அப்ப காசம்மா கேன்டீன்ல ஒக்காரவெச்சி ஒரு தம்ளர் ரசத்த ஊதி ஊதி குடுத்தா. அதுக்குத்தான் அவ இருக்கறா. கால் வீங்கறவளுக்கு ரெண்டு ஸ்டூலு போடுங்க. அதப் பண்ணுங்க.”

“மேல ஒத்துக்க மாட்டாங்கக்கா.”

“இன்பமேரி வூட்ல இத பேங்க்னு சொன்னது நானு. என் பொண்ண வெச்சிதான் எனக்கு அது பேங்க் இல்லன்னு தெரியணுமா? இனிமே எந்த வூட்டு வாசல்லயும் அத என்னால சொல்ல முடியாது தம்பி. அது மாறுனாதான் நாப்பது பேருக்கு உங்ககூட வருவன். இல்லன்னா வண்டி ஓட்றதோட சரி.”

அரிகரன் அன்றைக்கு இளவரசியின் கவரைக் கொடுத்துவிட்டான். மற்றவர்களுடையது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மேலே இருப்பவர்கள் முதலில் திட்டினார்கள். பொங்கல் வந்தது, நாற்பதில் ஒன்பது பேர்கூடச் சேரவில்லை. விஜயராணி சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தாள். அதற்கு அப்புறம்தான் நகல் போதும் என்று உத்தரவு வந்தது. கவர்களைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் ஏழு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேரை அவள் எதிர்பார்க்கவில்லை, மனசு வலித்தது. ஆனி மேரி விடவில்லை. நீலக் கவரை வாங்கிக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுநாள் வழக்கம்போல வேனுக்கு வந்து நின்றாள். லைனில் ஸ்டூலும் வந்தது. பத்துப் பேருக்கு மூன்று. அதற்குச் சண்டை நடந்தது.

இளவரசி ஜனவரி பதினெட்டாம் தேதி கிளம்பினாள். குனிய முடியாத முதுகோடு வீரமணிதான் ஐதராபாத் வரைக்கும் கூடப் போனார். அவரைத் தடுக்க முடியவில்லை. விஜயராணிக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ரயில் நகர்வதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று கேட்கவில்லை. வறுத்த மல்லாட்டை, பருப்புப் பொடி, கருவாடு, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு எவர்சில்வர் தம்ளர் எல்லாம் வைத்துக் கட்டினாள். தம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. கருவாட்டை மட்டும் இளவரசி வெளியே எடுத்து வைத்துவிட்டாள். மூன்று பேர் தங்கும் அறையில் நாறும் என்றாள்.

வீரமணி திரும்பி வந்து ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னார். நாலாவது மாடி, காற்று வருகிறது, சாப்பாட்டில் காரம் அதிகம், காவல்காரர் நல்ல மனுஷர். விஜயராணி ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜன்னல் எந்தப் பக்கம், கட்டில் ஜன்னலுக்குப் பக்கமா சுவருக்குப் பக்கமா, கூட இருக்கும் பெண்களுக்குத் தமிழ் தெரியுமா. மகள் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பேசினாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வேலை எப்படி, பரவாயில்லை. அதற்கு மேல் போனில் ஒன்றும் வரவில்லை. காலையில் பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் விஜயராணி ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். அதுவும் சத்தமாக இருக்கிறது என்று பிறகு நிறுத்திவிட்டாள்.

மாசிப் பனி இருந்தது. ஒரு திங்கட்கிழமை நாலே காலுக்கு வண்டியைத் தெருவிலிருந்து திருப்பும்போது போன் அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று பதறி எடுத்தாள். இளவரசி.

“இன்னாடி, உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்லம்மா. ஷிப்டு மாத்திட்டாங்க. எனக்கும் இனிமே ஆறு மணி. இப்பதான் எழுந்தன். வண்டி எடுத்துட்டியா?”

“இப்பதான் எடுக்கறன். இன்னா சாப்புடப் போற?”

“நீ பேசாத, ரோட்டப் பாத்து ஓட்டு. நான் போன மேசமேல வெச்சிட்டு கெளம்பறன். நீ பாட்டுக்குக் கேட்டுகினு வா.”

விஜயராணி ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பிடிப்பில் செருகினாள். வண்டி ஏரிக்கரைக்கு வந்தது. போனில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு செருப்பு தரையில் உரசுகிற சத்தம். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டது. யாரோ ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் தெலுங்கில் முணுமுணுத்தாள்; இளவரசி அவள் பெயரைச் சொல்லி ஏதோ பதில் கொடுத்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். கதவு சாத்துகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதற்குள்ளே மெல்லிசாக ஒரு பாட்டின் முனகல். குளிக்கும்போது மகள் பாடுவாள் என்பது விஜயராணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் வண்டியை மெதுவாக ஓட்டினாள். கரிக்கலாம்பாக்கம் முனையில் இரண்டு பெண்கள் ஏறி, போனிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு என்னக்கா என்று கேட்க வாயெடுத்தார்கள். விஜயராணி உதட்டில் விரலை வைத்தாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் ஓசைப்படாமல் உட்கார்ந்தார்கள். போனில் டப்பா மூடி திறந்தது, சாவி குலுங்கியது, ஜிப் இழுபட்டது. பிறகு குரல் கிட்டத்தில் வந்தது.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கன்டி. நீ கெளம்பு.”